கூலியும் கிருபையும்

திருப்பூரில் சனிக்கிழமை கூலி நாள். அன்று பொழுது சாய்ந்ததும் ஊரின் முகமே மாறிவிடும். வாரம் முழுவதும் எத்தனை டஜன் தைத்தோம், எத்தனை ஷிப்டு பார்த்தோம் என்று சின்ன நோட்டில் குறித்து வைத்த கணக்கெல்லாம் பணமாகிக் கைக்கு வரும் நேரம் அது. மளிகைக் கடையிலும் புரோட்டாக் கடையிலும் நிற்க இடம் இராது. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை மாலையில், கூலி வாங்கப் போகாத ஒருவருடைய வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கட்டுரைக்கு விஷயம் கிடைத்தது.

அவர் என் நண்பருக்கு அடுத்த வீட்டுக்காரர். இருபத்திரண்டு வருஷம் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இரண்டு வருஷமாக வீட்டோடு இருக்கிறார். மனைவி செக்கிங் வேலைக்குப் போய்க் குடும்பத்தை நடத்துகிறாள். கிறிஸ்தவர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். நான் கதை எழுதுகிறவன் என்று தெரிந்ததும், முந்தின வாரம் பிரசங்கத்தில் கேட்ட ஒரு கதையைப் பற்றி என்னிடம் நியாயம் கேட்டார்.

பைபிளில், மத்தேயு எழுதிய சுவிசேஷத்தில் வரும் கதை அது. திராட்சைத் தோட்டக்காரன் ஒருவன் விடியற்காலையில் ஆட்களைக் கூலி பேசி அமர்த்துகிறான். பிறகு ஒன்பது மணிக்குச் சிலர், நண்பகலில் சிலர், பிற்பகலில் சிலர். பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது கடைத்தெருவில் சும்மா நிற்கிற சிலரையும் கூப்பிட்டுத் தோட்டத்துக்கு அனுப்புகிறான். கூலி கொடுக்கும்போது எல்லாருக்கும் ஒரே கூலி. வெயிலில் நாள் முழுவதும் வெந்தவன் முணுமுணுக்கிறான்.

"ஏனுங்க, பத்து மணி நேரம் தைச்சவனுக்கும் ஒரு மணி நேரம் தைச்சவனுக்கும் ஒரே கூலின்னா, அப்பறம் எவனுங்க காலையில வருவான்?" என்று கேட்டார்.

பீஸ் கணக்கில் வாழ்க்கை முழுவதும் அளக்கப்பட்ட மனிதர் கேட்கிற கேள்வி. இதைவிட நேர்மையான விமரிசனத்தை அந்தக் கதை சந்தித்திருக்குமா என்பது சந்தேகம்.

திருப்பூருக்கு ஒரு தனி வேதம் உண்டு; அதன் பெயர் உழைப்பு. ஷரத் சாரி என்ற ஆராய்ச்சியாளர் இந்த ஊரைப் பற்றி 2004-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்கள் தங்கள் உயர்வுக்குக் காரணமாகத் திரும்பத் திரும்பச் சொல்லுவது உழைப்பு என்ற அந்த ஒரே சொல்லைத்தான் என்று அதில் காட்டுகிறார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் சாதியும் சொந்தபந்தமும் எவ்வளவு நிற்கின்றன என்பதையும் அவர் கேட்காமல் விடவில்லை. இருந்தாலும் அந்த வேதம் பொய்யல்ல. மிதிக்கிற காலும் தள்ளுகிற கையும் இல்லாமல் இந்த ஊர் எழும்பியிராது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. கை விழுந்தவனிடம் சொல்ல அதனிடம் ஒரு வார்த்தையும் இல்லை. 2011 ஜனவரியில் ஹைகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020 மார்ச்சில் ஊரே அடைபட்டபோதும், உழைக்கத் தயாராக இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில் சும்மா நின்றார்கள். திராட்சைத் தோட்டத்துக் கதையில் சாயங்காலம்வரை கடைத்தெருவில் நின்றவர்களும் சோம்பேறிகள் அல்ல. ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டதற்கு, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்றுதான் பதில் சொல்லுகிறார்கள். கதையின் உயிர் அந்தப் பதிலில் இருக்கிறது என்பது என் எண்ணம். பிரசங்கிகள் அதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இந்த விஷயத்தைப் பேசுவதற்கு இரண்டு சொற்கள் வைத்திருக்கிறார்கள்: கிரியை, கிருபை. மனிதன் செய்கிறது கிரியை. கடவுள் கொடுக்கிறது கிருபை. காதுக்கு ஏறக்குறைய ஒன்றாக விழும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவேதான் பவுல் அப்போஸ்தலரிலிருந்து அகஸ்டின், லூதர் வரை பெரிய தலைகளெல்லாம் மோதிக்கொண்டிருக்கின்றன. மனிதன் தன் நற்செய்கையால் கரையேற முடியாது, கிருபை ஒன்றே கரையேற்றும் என்பது புராட்டஸ்டண்டுகளின் மூச்சு. நான் அந்தச் சமயத்தைச் சேர்ந்தவன் அல்லன். தத்துவத்தில் யார் வென்றார்கள் என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. என் கவலை வேறு. கிருபையை வைத்துக் கதை எழுத முடியுமா?

கேள்வி விளையாட்டல்ல. கதை என்றால் ஒருவன் ஏதாவது செய்ய வேண்டும். அவன் ஆசைப்பட வேண்டும், முயல வேண்டும், தடுக்கி விழ வேண்டும். "அவன் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் தானாகக் கிடைத்தது" என்றால் வாசகன் புத்தகத்தை மூடிவிடுவான். திருப்பூரிலிருந்து அவிநாசிக்குப் போகிற சாலையையே பாருங்கள். அந்த வழி முழுவதும் அருளின் கதைகள்தாம். வழியில் திருமுருகன்பூண்டி, சேரமான் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரைச் சிவனே வேடர்களை ஏவிக் கொள்ளையடித்துப் பிறகு திருப்பிக் கொடுத்த இடம். அப்பால் அவிநாசி, வருஷங்களுக்கு முன் முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் பாடி மீட்ட இடம். எதிர்வீட்டில் பூணூல் கல்யாணம், இந்த வீட்டில் அழுகை. சுந்தரர் காரணம் கேட்கிறார். சேக்கிழார் சொல்லும் கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று இது. ஆனால் முதலை வாயிலிருந்து வெளிவந்த பிள்ளையைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? அவன் அழுதானா, தாயை அடையாளம் கண்டுகொண்டானா? ஒன்றும் தெரியாது. முழுமையான அருள் அவனுக்குத்தான் கிடைத்தது. கதையில் அவன் பாத்திரமே அல்லன். பாத்திரம் சுந்தரர்.

இந்தச் சங்கடத்தைத் தாண்டி, அருளைப் பெறுகிறவனையே நாயகனாக்கி ஒரு புத்தகம் எழுதிய மனிதர் ஜான் பனியன். (பெயரைச் சொன்னதும் டெய்லர் சிரித்துவிட்டார். "நம்மூருக்காரருங்களா?" என்றார்.) 1628-ல் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரம் அடைப்பது குலத்தொழில். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்த குற்றத்துக்காக 1660-லிருந்து பன்னிரண்டு வருஷம் ஜெயிலில் இருந்தார். வெளியில் மனைவி, கண் தெரியாத ஒரு பெண் உள்படக் குழந்தைகள். அவர்களைக் காப்பாற்ற ஜெயிலில் உட்கார்ந்துகொண்டு, நுனியில் தகடு பொருத்திய நாடாக்கள் செய்து விற்றார். நூற்றுக்கணக்கான குரோஸ் செய்தார் என்று குறிப்பு இருக்கிறது. குரோஸ் என்றால் பன்னிரண்டு டஜன். திருப்பூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மனிதனுடைய உழைப்பால் மோட்சம் இல்லை என்று அடித்துச் சொன்ன அந்த மனிதர், பீஸ் கணக்கில் உழைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். கிருபையைப் பேசுகிறவர்கள் வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறவர்கள் என்று நினைக்கிற நண்பர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

1678-ல் வெளிவந்த அவருடைய புத்தகம், தமிழில் 'மோட்ச பிரயாணம்' என்ற பெயரில் கிறிஸ்தவ வீடுகளில் பல தலைமுறையாக வாசிக்கப்பட்டு வருகிறது. முதுகில் ஒரு பெரும் சுமையோடு ஒருவன் நாசபுரியை விட்டு மோட்சபுரிக்குப் புறப்படுகிறான். வழியில் ஒரு பெரிய மனிதர் நல்ல யோசனை சொல்லுகிறார்: பக்கத்து ஊரில் ஒழுக்கம் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போனால் சுமையை இறக்கிவிடலாம் என்று. நம்பி அந்த வழியில் திரும்புகிறான். வழியில் ஒரு மலை தலைக்கு மேல் சரிந்து தொங்குகிறது. நடக்க நடக்கச் சுமை முன்னிலும் கனக்கிறது. நல்லவனாக இருந்து தப்பித்துக்கொள்ளலாம் என்ற முயற்சிக்கு இதைவிடச் சிறந்த சித்திரம் நான் படித்ததில்லை.

பிறகு ஒரு மேட்டில் சிலுவை. அவன் அதன் எதிரே போய் நிற்கிறான். அவ்வளவுதான். சுமை தானே அவிழ்ந்து உருண்டு போய் ஒரு கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அவன் கை அதில் படவே இல்லை.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் வியப்பது இந்தக் கட்டம் வருகிற இடத்தை. நானாக இருந்தால் இதைக் கடைசி அத்தியாயத்துக்கு வைத்திருப்பேன். சாகசமெல்லாம் முடிந்து, வாசகன் ஏங்கிப் போயிருக்கும்போது சுமையை இறக்கியிருப்பேன். பனியன் இதை ஆரம்பத்திலேயே, பயணத்தின் பெரும்பகுதி மிச்சமிருக்கும்போதே முடித்துவிடுகிறார். மலை ஏறுவதும் அரக்கனோடு சண்டை போடுவதும் அதற்கப்புறம். அதாவது கூலி முதலிலேயே கொடுத்தாயிற்று. அதன் பிறகு நடக்கிற நடை கூலிக்காக அல்ல.

நான் இப்படிச் சொன்னதும் டெய்லர் தலையை ஆட்டினார். "முன்னாடியே குடுத்தா அது அட்வான்ஸுங்க. கழிச்சுத்தான் ஆகணும்" என்றார்.

"இது கழிக்க வேண்டாத அட்வான்ஸ்" என்றேன்.

"அப்படி ஒரு கம்பெனி இருந்தாச் சொல்லுங்க."

பதில் சொல்லத் தெரியாமல் வேறொரு காட்சியைச் சொன்னேன். சுவர் ஓரமாக ஒரு நெருப்பு எரிகிறது. ஒருவன் விடாமல் தண்ணீர் ஊற்றுகிறான். நெருப்பு அணையவில்லை, இன்னும் கொழுந்து விடுகிறது. சுவருக்குப் பின்புறம் போய்ப் பார்த்தால் அங்கே ஒருவர் மறைவாக நின்று எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்கிறார். நெருப்புக்கு இது தெரியாது. இதை அவர் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

பனியனிடம் எனக்குச் சம்மதமில்லாத இடமும் ஒன்று உண்டு. அறியாமை என்ற பெயருடைய ஒரு வாலிபன் கதையின் பிற்பகுதியில் வருகிறான். ஒருவர் கடனும் வைத்துக்கொள்ளாதவன், ஜெபம் செய்கிறவன், உபவாசம் இருக்கிறவன், தர்மம் செய்கிறவன். என் நல்ல நடத்தை என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று நம்பி மோட்ச வாசல்வரைக்கும் வந்துவிடுகிறான். அவனிடம் சீட்டு இல்லை. கை காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய், மலைச்சரிவில் உள்ள ஒரு கதவு வழியே நரகத்தில் தள்ளிவிடுகிறார்கள். புத்தகத்தின் கடைசிக் காட்சிகளில் ஒன்று இது. சித்தாந்தப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் இவ்வளவு தூரம் நடந்து வந்த பையனுக்கு அந்தச் சுவருக்குப் பின்னால் யாரும் ஒரு சொட்டு எண்ணெய் விடக்கூடாதா? கிருபையைச் சரியானபடி நம்பத் தெரிந்திருக்க வேண்டும் என்றால் அந்த நம்பிக்கையே ஒரு கிரியை ஆகிவிடுகிறதே! பரீட்சையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பரீட்சை வேண்டாம் என்பதில் ஒரு பரீட்சை வைத்தது போலாயிற்று. பனியனுக்குள்ளிருந்த கலைஞன் இந்த இடத்தில் பிரசங்கிக்கு வழி விட்டுவிட்டான்.

இந்தப் புத்தகத்தைத்தான் நம் ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' என்ற காப்பியமாக்கி 1894-ல் வெளியிட்டார். 1827-ல் திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்ற ஊரில், வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858-ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். கம்பனில் ஊறியவர். கிருபை என்பது அவர் கிறிஸ்தவத்தில் போய்க் கற்றுக்கொண்ட புதிய சரக்கல்ல. பிறந்த வைணவத்திலேயே அந்த விவாதம் பழையது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். ஜீவன் குரங்குக்குட்டியா, பூனைக்குட்டியா என்று வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். அதனால்தான் பனியனுடைய கதை அவருக்கு அந்நியமாகப் படவில்லை என்று நினைக்கிறேன்.

காப்பியத்தில் ஐந்து பருவங்கள். 3,700-க்கு மேற்பட்ட பாடல்கள். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என்று பெயர்கள். ஆரணியம் என்றதுமே கம்பன் வாசனை வந்துவிடுகிறது. அங்கேதான் சங்கடமும். பாத்திரம் அடைக்கிறவர் தம்மைப் போன்றவர்களுக்காகக் கொச்சையும் சந்தைப் பேச்சுமாக எழுதிய கதை அது. நம்முடைய கவி அதற்கு விருத்தத்தையும் வடசொல் அடுக்குகளையும் பூட்டி, ராஜகுமாரன் போல அலங்கரித்துவிட்டார். மனிதனின் முயற்சி பயன்படாது என்று சொல்லுகிற நூலில் கவியின் முயற்சி பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. எத்தனை வருஷத்து உழைப்பு! நிகண்டு பக்கத்தில் இல்லாமல் என்னாலேயே பத்துப் பாட்டுத் தொடர்ச்சியாகப் படிக்க முடிவதில்லை. யாத்திரிகன் இறக்கி வைத்த சுமையை வாசகன் முதுகில் ஏற்றுகிறாரோ என்றுகூடச் சில இடங்களில் தோன்றும். 'கிறிஸ்தவக் கம்பர்' என்று அவருக்குப் பட்டம் கொடுத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பட்டம் அவருடைய பலத்தை மறைத்து, பலவீனத்தைக் கொண்டாடுகிறது.

அவருடைய பலம் எங்கே இருக்கிறது? இரண்டு இடங்களில். ஒன்று, நூலுக்கு நடுநடுவே தேவாரம் என்ற தலைப்பில் வருகிற பாடல்கள். அங்கே கதையும் இல்லை, வருணனையும் இல்லை. ஒருவன் கையை விரித்துக்கொண்டு கேட்கிறான், அவ்வளவுதான். புலமை தானாக விலகிக்கொள்கிறது. தேவாரம் என்ற பெயரையே எடுத்துக்கொண்டாரே, அதிலேயே ஒரு தைரியம் இருக்கிறது. சமயம் மாறினாலும், கெஞ்சுவதற்குத் தமிழில் வேறு பாஷை இல்லை என்று கண்டுகொண்டவர்.

இன்னொன்று, அதைவிட முக்கியம், குமார பருவத்தில் உள்ள இரட்சணிய சரிதப் படலம். பனியன் சிலுவையைச் சில வரிகளில் காட்டிவிட்டு மேலே போய்விடுகிறார்; அவருடைய வாசகர்களுக்கு அந்தக் கதை தெரியும். கிருஷ்ண பிள்ளை அங்கே நின்றுவிடுகிறார். ஏசுவைப் பிடித்துக் கட்டியது, பிலாத்துவின் முன் நிறுத்தியது, பரிகசித்தது, அடித்தது எல்லாவற்றையும் விரித்துச் சொல்லுகிறார். மூலத்தில் இல்லாததை ஏன் இத்தனை நீட்டினார் என்று கேட்கத் தோன்றும். எனக்கு இப்போது காரணம் தெரிகிறது. காப்பியத்துக்குத் தலைவன் ஒருவன் வேண்டும்; காரியத்தைச் சாதிக்கிறவன் வேண்டும். யாத்திரிகன் அந்தத் தலைவனாக முடியாது. அவன் முதலை வாய்ப் பிள்ளையைப் போல மீட்கப்படுகிறவன். அப்படியானால் மீட்கிறவரைக் கதைக்குள் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தார். ஆனால் அந்தத் தலைவர் என்ன செய்கிறார்? வில்லெடுக்கவில்லை, வாதாடவில்லை. கட்டுண்டு பேசாமல் நிற்கிறார். காப்பியத்தின் மிகப் பெரிய செயல், ஒருவர் ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான்! கம்பனிடமிருந்து அவர் கற்றுக்கொண்டவற்றில் உண்மையான பாடம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். முடி போயிற்று என்று கேட்டபோது ராமன் நிற்கிற நிலை, அவன் வில்லை வளைத்த கணத்தைவிடப் பெரிது அல்லவா?

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் நான் புத்தகத்தைக் கொண்டுபோய் அவருக்கு அந்தப் படலத்தைப் படித்துக் காட்டினேன். பாட்டைப் படித்து, சொல்லைப் பிரித்து, அர்த்தம் சொல்லிக்கொண்டு போக வேண்டியிருந்தது. முதல் அரைமணி நேரம் அவருக்கு ஒன்றும் ஏறவில்லை. மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், ஏசுவைக் கட்டிக்கொண்டு போகிற இடம் வந்தது. அவரைக் கட்டியிருப்பது கயிறு என்று நினைக்காதீர்கள், தம்மைப் பகைத்தவர்கள்மேல் அவர் வைத்த அன்புதான் அவரைக் கட்டியிருக்கிறது என்ற கருத்து வரும் பாட்டு. அர்த்தம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. இடது கையால் வலது கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"கை ரெண்டையும் கட்டிப் போட்டிருக்குதுங்களே. அப்போ அன்னைக்கு அவரும் ஒரு வேலையும் செய்யலீங்க."

நான் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊனமும் குருடும் போக்கிக்கொண்டு மூன்று வருஷம் ஓயாமல் திரிந்த கைகள், உலகத்துக்காக எல்லாவற்றையும் செய்து முடித்ததாக அவர்கள் நம்புகிற அந்த நாளில் சும்மா இருந்தன என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. இந்தக் காப்பியத்தைப் பற்றிப் பண்டிதர்கள் எழுதியதைப் படித்திருக்கிறேன். உவமை, அணி, கம்பன் சாயல் எல்லாம் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு வரி எங்கும் கிடைக்கவில்லை. கடினமான நடை என்று நான் குறை சொன்னேனே, அந்தக் குறை அப்படியேதான் இருக்கிறது. யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்துச் சொன்னால்தான் அந்தப் பாட்டு அவரிடம் போய்ச் சேருகிறது. அது கவியின் தோல்வியா, அல்லது அப்படிப் பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் போன நம்முடைய தோல்வியா என்று முடிவு கட்ட என்னால் முடியவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். இந்தக் கதைகளைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஆண்டவன் கொடுப்பார்" என்று கூலியைக் குறைக்கிற முதலாளி யாராவது இருந்தால், அவர் திராட்சைத் தோட்டத்துக் கதையை இன்னொரு முறை படிக்க வேண்டும். அந்தத் தோட்டக்காரன் யாருக்கும் குறைத்துக் கொடுக்கவில்லை. பேசின கூலியைக் காலையில் வந்தவனுக்கு முழுசாகக் கொடுத்தான்; மற்றவனுக்குத் தன் பணத்தைத் தன் இஷ்டப்படி கொடுத்தான்.

மதியம் அவருடைய மனைவி ரேஷன் கடையிலிருந்து வந்தாள். நான் எழுந்தேன். படலம் இன்னும் பாதி இருந்தது. புத்தகத்தை விட்டுவிட்டுப் போகட்டுமா என்று கேட்டேன். "அதை வெச்சுக்கிட்டு நான் என்னங்க பண்றது? நீங்க வந்து படிச்சாத்தானுங்க" என்றார். பிறகு, எவன் காலையில் வருவான் என்ற தம்முடைய கேள்வியை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ, வாசல் வரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து அதை இன்னொரு தடவை கேட்டார்.